கார் வேலைக்கு எந்த டூல், எந்த சைஸ்?

சொந்தக் காரில் தானே கை வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தவுடன் வரும் முதல் குழப்பம், 150 பீஸ் டூல் பெட்டி ஒன்றை மொத்தமாக வாங்குவதா, இல்லை தேவையானதை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதா என்பதுதான். பெட்டி பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் அந்த 150-ல் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பகுதி சின்னச் சின்ன ஸ்க்ரூ பிட்டுகள், அலன் கீகள், உங்கள் காரில் எங்குமே பொருந்தாத அங்குல சாக்கெட்டுகள். அடிக்கடி கைக்கு வருவது இருபதோ முப்பதோ உருப்படிதான். சரி, ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம் என்றால் அதிலும் தொல்லை உண்டு: சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பாதி வேலையில் 14 சாக்கெட் இல்லை என்று தெரியவரும்.

நான் சொல்வது இரண்டுக்கும் நடுவில். 3/8 அங்குல டிரைவில் (டிரைவ் என்பது சாக்கெட்டுக்குள் மாட்டும் கைப்பிடியின் சதுர முனை) சின்னதாக, தரமாக ஒரு மில்லிமீட்டர் சாக்கெட் செட். அதன்பிறகு உங்கள் கார் கேட்பதை மட்டும் தனித்தனியாக. அதற்கு முதலில் அந்தக் கார் என்ன கேட்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எந்தக் காருக்கு எந்த சைஸ்

ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் தலை அளவு, மரையின் அளவு அல்ல. 12 ஸ்பேனரில் கழன்ற போல்ட்டை '12 போல்ட்' என்று கேட்டால் கடைக்காரர் எம் 12 போல்ட்டை எடுத்துத் தருவார். உங்களுக்கு வேண்டியிருந்ததோ எம் 8 ஆக இருக்கும். எம் என்பதற்குப் பின்னால் வரும் எண்தான் மரைப் பகுதியின் விட்டம்.

ஒரே மரைக்கு வெவ்வேறு தலை அளவு வருவதால்தான் செட் வாங்குவதில் இவ்வளவு யோசனை. எம் 6 போல்ட்டுக்கு எல்லா நாட்டுக் கார்களிலும் பெரும்பாலும் 10 தலைதான். அதனால் கார் வேலையில் அதிகம் புழங்குவது 10 சாக்கெட். அடிக்கடி காணாமல் போவதும் அதுவே, இரண்டு வாங்கி வையுங்கள். எம் 8-க்கு வந்தால் ஜப்பானியக் கார்களில் தலை 12, ஐரோப்பியக் கார்களில் 13. எம் 10-க்கு ஜப்பானில் 14. ஐரோப்பாவில் டின் என்ற பழைய ஜெர்மன் தரப்படி 17, பின்னால் வந்த ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தரப்படி 16. எம் 12-க்கு ஜப்பானில் 17, ஐரோப்பாவில் 19 அல்லது 18.

ஆக, டொயோட்டா, ஹோண்டா, சுஸூகி போன்ற கார் வைத்திருப்பவருக்கு 8, 10, 12, 14, 17, 19 இருந்தால் அன்றாட வேலை பெரும்பாலும் ஓடிவிடும். கொரியக் கார்களும் ஏறக்குறைய இதே வழிதான். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, பிஎம்டபிள்யூ என்றால் 10, 13, 16, 17, 18. கூடவே ஸ்டார் பிட்டுகள். பிரெஞ்சுக் கார்களுக்குத் தனிக் குணம் உண்டு. பல ரெனோ இன்ஜின்களில் ஆயில் வடிக்கும் பிளக்குக்கு வெளியே பிடிக்க அறுகோணத் தலையே இருக்காது, உள்ளே 8 மி.மீ. சதுரக் குழிதான் இருக்கும். அதற்கான சாவி சாதாரணப் பெட்டிகளில் வருவதில்லை.

சக்கர நட்டுகளை மட்டும் தனியாகச் சரிபார்த்துவிடுங்கள். ஹோண்டா, சுஸூகியில் பொதுவாக 19 தலை, டொயோட்டா, ஹூண்டாயில் 21, ஃபோக்ஸ்வாகனில் 17 தலை கொண்ட போல்ட்.

அங்குல சாக்கெட்டுகள் வேண்டுமா? பழைய அமெரிக்க, பிரிட்டிஷ் வண்டி வைத்திருந்தால் வேண்டும், மற்றவர்களுக்கு வேண்டாம். சில அளவுகள் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டப் பொருந்தும். 3/4 அங்குலம் 19.05 மி.மீ., 5/16 என்பது 7.94, 5/8 என்பது 15.88. அவசரத்துக்கு 19-ஐயும் 3/4-ஐயும் மாற்றிப் போட்டால் குடி முழுகிவிடாது. 1/2 அங்குலம் அப்படியல்ல. அது 12.7 மி.மீ.; அதன்மேல் 13 சாக்கெட் ஏறும், ஆனால் ஆடும். இறுகிய போல்ட்டில் அந்த ஆட்டமே தலையை உருட்டிவிடப் போதும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் என்று இன்னொரு வகை உண்டு. ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த அந்த மரையின் கோணம் 55 டிகிரி, இன்றைய மெட்ரிக் மரையின் கோணம் 60. அதன் ஸ்பேனரில் இருக்கும் எண்ணும் தலை அளவைச் சொல்லாது, போல்ட்டின் விட்டத்தைச் சொல்லும். அந்த வண்டிக்காரர்கள் தனி செட் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஆறு முனையா, பன்னிரண்டு முனையா

சாக்கெட் என்றால் ஆறு முனை. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. ஆறு முனை சாக்கெட் போல்ட் தலையின் தட்டையான பக்கத்தில் அழுத்தும். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலையை ஒட்டி அழுத்தும். துருப்பிடித்து, தலை கொஞ்சம் தேய்ந்திருக்கும் போல்ட்டில் இந்த வித்தியாசம் உடனே தெரியும். பன்னிரண்டு முனையின் லாபம், 30 டிகிரிக்கு ஒருமுறை மாற்றிப் பிடிக்கலாம் என்பது. ராட்செட்டில், அதாவது ஒரு பக்கம் மட்டும் திருகி மறுபக்கம் சும்மா திரும்பும் கைப்பிடியில், மாட்டிய சாக்கெட்டுக்கு அந்த லாபம் தேவையே இல்லை, பிடியை மாற்றும் வேலையை ராட்செட் பார்த்துக்கொள்கிறது. ரிங் ஸ்பேனரில் மட்டும் பன்னிரண்டு முனைக்கு நியாயம் இருக்கிறது, கை நகர இடம் இல்லாத இடங்களில்தான் அதை எடுப்போம். ஒரு விதிவிலக்கு: சில கார்களில் போல்ட் தலையே பன்னிரண்டு முனையாக இருக்கும். அதற்குப் பன்னிரண்டு முனை சாக்கெட்தான் உட்காரும்.

டிரைவ் அளவில் மூன்று வழி இருக்கிறது: 1/4, 3/8, 1/2. டேஷ்போர்டு, பிளாஸ்டிக் மூடிகள், எம் 6 போல்ட்டுகள் எல்லாம் 1/4-க்கு. சக்கரம், சஸ்பென்ஷன், ஹப் எல்லாம் 1/2-க்கு. இடையில் இருக்கும் இன்ஜின், பிரேக் வேலைகளில் பெரும்பகுதி 3/8-ல் நடந்துவிடும், அதனால்தான் அதை முதலில் வாங்கச் சொல்கிறேன். 1/2 மட்டும் வாங்கி, அடாப்டர் போட்டு எல்லாவற்றையும் சமாளிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். முடியும்தான். ஆனால் நீளமான கைப்பிடியில் எம் 6 போல்ட்டைத் திருகும்போது எவ்வளவு விசை போகிறது என்று கைக்கே தெரியாது. தலை தனியாகக் கையில் வந்து நின்ற பிறகுதான் தெரியும்.

ராட்செட்டில் பல் எண்ணிக்கையைப் பாருங்கள். 24 பல் என்றால் ஒரு பல் நகர 15 டிகிரி வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி. 90 என்றால் 4. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே கை நுழைத்து வேலை செய்யும்போது 15 டிகிரியே கிடைக்காது. 72 போதும், அதற்கு மேல் போவது சௌகரியம்தான், தேவை இல்லை. எதுவானாலும், இறுகிக் கிடக்கும் போல்ட்டை ராட்செட்டால் உடைத்துத் திறக்காதீர்கள். அதற்கு நீளமான பிரேக்கர் பார் இருக்கிறது, அதில் தேயவோ உடையவோ பல் இல்லை. அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் கன் பயன்படுத்துவதாக இருந்தால் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டுகளைத்தான் மாட்ட வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் கைவேலைக்கானது. இம்பாக்ட் அடியில் வெடித்துத் துண்டு தெறிக்கலாம்.

ஆழமான சாக்கெட்டா, குட்டையா என்றால் குட்டையில் தொடங்குங்கள். ஸ்டட் (நட்டு ஏறும் மரைக் கம்பி) நீளமாக வெளியே நிற்கும் இடங்களுக்காக 10, 12, 14-ல் மட்டும் ஆழமானது சேர்த்தால் போதும். ஐரோப்பியக் காருக்கு 10, 13, 16.

ஸ்பேனரை எப்போது எடுப்பது

சாக்கெட் செட் வாங்கியவர்கள் ஸ்பேனர் எதற்கு என்று கேட்பார்கள். போல்ட்டை ஒரு பக்கம் திருகினால் மறுபக்கம் நட்டும் சேர்ந்து சுற்றும் இடங்கள் காரில் ஏராளம், அங்கே ஒன்றைப் பிடித்துக்கொள்ள இன்னொன்று வேண்டும். ஒரு முனை திறந்தும் மறுமுனை ரிங்காகவும் இருக்கும் காம்பினேஷன் ஸ்பேனர்தான் இதற்கு என் தேர்வு. இரண்டு முனையிலும் வெவ்வேறு சைஸ் வரும் 10-11, 12-13 மாதிரியான ஓப்பன் ஸ்பேனர்கள் செட்டாக வாங்கும்போது எண்ணிக்கை குறைவாக இருந்து வசதியாகத் தோன்றும். ஆனால் திறந்த வாய் தலையின் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். இறுகியதைத் திறக்க ரிங், தளர்ந்த பிறகு வேகமாகச் சுற்ற ஓப்பன் என்பதுதான் முறை, காம்பினேஷனில் இரண்டும் ஒரே சைஸில் கையில் இருக்கும்.

பிரேக் பைப் நட்டுகளுக்கு மட்டும் இந்த இரண்டுமே சரிப்படாது. பைப் குறுக்கே நிற்பதால் ரிங் நுழையாது, ஓப்பன் போட்டால் மென்மையான நட்டு உருண்டுவிடும். ஒரு சின்ன வெட்டு விட்ட ரிங் மாதிரி இருக்கும் ஃப்ளேர் நட்டு ஸ்பேனர் இதற்காகவே செய்தது. பெரும்பாலும் 10, 11 அளவுகள் போதும். பிரேக்கில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால் அதை வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை, குழாய் வேலைக்கு நல்லது.

நட்சத்திரக் குழிகளும் பிளஸ் ஸ்க்ரூக்களும்

பிளஸ் ஸ்க்ரூ எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து நாசமான ஸ்க்ரூக்களுக்குக் கணக்கே இல்லை. ஃபிலிப்ஸ் ஒன்று, அதில் குறுக்காக மெல்லிய கோடுகள் சேர்ந்தால் போசிடிரைவ், ஜப்பானிய வண்டிகளில் வருவது ஜிஸ். ஜிஸ் தலையில் பல நேரம் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம். ஃபிலிப்ஸ் டிரைவரின் நுனி ஜிஸ் குழிக்குள் அடிவரை உட்காராது, விசை கொடுத்ததும் மேலே ஏறிக் குழியைச் சுரண்டிவிடும். ஜிஸ் டிரைவரை ஃபிலிப்ஸ் ஸ்க்ரூவில் போட்டால் நன்றாகவே பிடிக்கும். அதனால் ஜப்பானியக் காரோ பைக்கோ வைத்திருப்பவர் ஜிஸ் டிரைவரை மட்டும் வாங்கினால் இரண்டுக்கும் ஆகும். ஹோண்டா கார்களில் பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்கள் இந்த விஷயத்தில் பேர் போனவை. அங்கே சாதாரண டிரைவரைத் தொடாமல், சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரை 3-ஆம் நம்பர் பிட்டுடன் எடுப்பது நல்லது.

ஸ்டார் எனப்படும் டார்க்ஸில் டி 25, டி 27, டி 30 எல்லாம் கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும். விதி எளிது: குழிக்குள் அழுக்கை எடுத்துவிட்டு, உள்ளே போகக்கூடியதில் மிகப் பெரியதைப் போடுங்கள். இ என்ற எழுத்தோடு வருவது வெளிப்பக்க ஸ்டார், அதற்குச் சாக்கெட் வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குடும்பக் கார்களில் இன்னொரு பொறி இருக்கிறது. ஸ்டார் போலவே இருக்கும், ஆனால் எண்ணினால் பன்னிரண்டு கூர்முனைகள். டிரிபிள் ஸ்கொயர் என்ற அந்தக் குழியில் டார்க்ஸையோ அலன் கீயையோ அடித்து நுழைத்தால் முனைகள் மழுங்கி, அப்புறம் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டிவரும்.

டார்க் ரெஞ்ச்

போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து சொல்லும் டூல் இது, அந்த இறுக்கத்தின் அளவுதான் நியூட்டன் மீட்டர். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எந்த ரேஞ்ச்? 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை போகும் 1/2 அங்குல ரெஞ்ச் சக்கர நட்டுகளுக்குப் பொருத்தம், பல கார்களில் அவை 85-லிருந்து 120-க்குள் இருக்கும். ஆனால் ஸ்பார்க் பிளக்குக்கு 20 சொச்சம்தான், அது இந்த ரெஞ்சில் வராது. 20 முதல் 110 வரையிலான 3/8 ரெஞ்ச் பிளக், டிரெயின் போல்ட், பிரேக் காலிப்பர், சின்னக் கார்களின் சக்கர நட்டு எல்லாவற்றையும் தொட்டுவிடும். உங்கள் காரின் சக்கர நட்டு 110-க்குள் இருந்தால் இதை எடுங்கள். மேலே போனால் 1/2-ல் ஒன்று, சின்னதில் ஒன்று என்று இரண்டாகத்தான் வேண்டும்.

வகையில், முள் காட்டும் பீம் ரெஞ்சுக்கு அமைப்பு எளிது, கெட்டுப்போக அதில் அதிகம் இல்லை. ஆனால் அளவுகோலை நேராகப் பார்க்க முடிகிற இடத்தில்தான் பயன்படும். 'க்ளிக்' சத்தம் போடும் வகையை எங்கும் நுழைக்கலாம். வேலை முடிந்ததும் அதன் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வைக்க வேண்டும், எதையும் கழற்றுவதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. க்ளிக் ஒருமுறை கேட்டால் நிறுத்திவிடுங்கள், உறுதி செய்துகொள்ள இன்னும் இரண்டு க்ளிக் கொடுப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக இறுக்குகிறார்கள். டிஜிட்டல் வகை டிகிரிக் கணக்கும் காட்டும். சிலிண்டர் ஹெட் திறக்காதவருக்கு அது தேவைப்படாது.

மேனுவல் கையில் இல்லாதபோது 8.8 தர (தலையில் பொறித்திருக்கும் வலிமைக் குறி) எஃகு போல்ட்டுக்குத் தோராயமாக எம் 6-க்கு 10, எம் 8-க்கு 25, எம் 10-க்கு 50, எம் 12-க்கு 85 நியூட்டன் மீட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அலுமினியத்துக்குள் போகும் போல்ட்டுக்கு இதைவிடக் குறைவாகவே சொல்லியிருப்பார்கள். இன்னொன்று, நாம் கொடுக்கும் விசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது, மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். எண்ணெயோ காப்பர் பேஸ்ட்டோ தடவினால் அந்த உராய்வு குறைந்து, அதே க்ளிக்கில் போல்ட் கணிசமாகக் கூடுதலாக இழுபடலாம் என்பதால், காய்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் போட்ட மரைக்குப் பயன்படுத்தக் கூடாது.

போல்ட் மாற்றும்போது

டூலில் தவறு செய்தால் ஒரு போல்ட் போகும். போல்ட்டில் தவறு செய்தால் அது போகும் இடமே போய்விடும், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலில் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். எம் 10 போல்ட்டில் 1.5 பிட்ச்சும் உண்டு, 1.25-ம் உண்டு, கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5, ஜப்பானியக் கார்களில் அதிகம் இருப்பது 1.25. சக்கர நட்டுகளில் டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய்க்கு எம் 12 × 1.5; சுஸூகி, நிசான், சுபாருவுக்கு எம் 12 × 1.25. மாற்றிப் போட்டால் ஒரு சுற்று, இரண்டு சுற்று ஏறும், பிறகு சிக்கும். 'துருவாக இருக்கும்' என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் ஸ்டட்டின் மரை மொத்தமாகப் போய்விடும். எந்தப் புது போல்ட்டையும் விரலால் ஐந்தாறு சுற்று ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் டூலை எடுக்க வேண்டும். பிட்ச் கேஜ் இல்லையென்றால் பத்து மரையின் நீளத்தை வெர்னியரில் அளந்து பத்தால் வகுத்தால் போதும்: 12.5 வந்தால் 1.25, 15 வந்தால் 1.5. விட்டத்தை அளக்கும்போது எம் 10 போல்ட் 9.8-ஐ ஒட்டிக் காட்டினால் குழம்ப வேண்டாம், வெளிமரை எப்போதும் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும்.

சக்கர நட்டில் மரை சரியாக இருந்தாலும் உட்காரும் முகம் மாறலாம். ஹோண்டாவின் சொந்தச் சக்கரங்களுக்கு உருண்டை முகம். வெளியில் வாங்கும் அலாய் சக்கரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு முகம். வேறு சிலவற்றுக்கு வாஷர் வைத்த தட்டை முகம். கலந்து போட்டால் நட்டு ஓரத்தில் மட்டும் தொட்டு நிற்கும், ஓட்டத்தில் தளரும்.

அடுத்தது தரம். தலையில் 8.8 என்றிருந்தால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதமான 640 வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். 10.9 என்றால் 1000, 900. காரிலிருந்து எடுத்ததில் என்ன இருந்ததோ அதையே போடுங்கள். குறைந்தால் ஆபத்து என்பது புரியும். கூடினாலும் நல்லது என்று சொல்ல முடியாது: 12.9 அளவுக்குக் கடினமாகப் போனால் போல்ட் நீளாமல் பட்டென்று உடையும் குணம் அதிகமாகிறது. ஸ்டெயின்லெஸ் போல்ட் துருப்பிடிக்காதே என்று எல்லா இடத்திலும் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது, வழக்கமாகக் கிடைக்கும் ஏ2-70 ரகத்தின் வலிமை 700 மெகாபாஸ்கல், நீளத் தொடங்குவது 450-ல். 8.8-ஐ விடக் கீழே. நம்பர் பிளேட், மட்கார்ட் லைனருக்கு அருமை. சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் பக்கம் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் சேர்ந்தால் இறுக்கும்போதே ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் உண்டு.

மேனுவலில் 'இத்தனை நியூட்டன் மீட்டர், பிறகு 90 டிகிரி' என்று எழுதியிருந்தால் எச்சரிக்கை. சிலிண்டர் ஹெட் போல்ட் மாதிரி இறுக்கும்போதே நீளும்படி செய்தவை பலவும் இந்த வகை. திரும்பப் போடக்கூடாது என்று சொல்லியிருந்தால் புதிதுதான்.

நீளம் பெரிதாக இருந்தால் முட்டுச் சந்து மாதிரியான துளையில் போல்ட் அடியில் போய் இடிக்கும். டார்க் ரெஞ்ச் க்ளிக் என்று சொல்லும், ஆனால் பாகம் தளர்வாகவே நிற்கும். சிறிதாக இருந்தால் மரை பிடுங்கிக்கொள்ளும். எஃகுக்குள் குறைந்தது போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரை ஏற வேண்டும், அலுமினியத்தில் ஒன்றரை மடங்காவது. அதனால் கடையில் கேட்கும்போது எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எம் 10, 1.25 பிட்ச், தலைக்குக் கீழே 40 மி.மீ., 10.9, ஃபிளேஞ்ச் தலை (அடியில் வாஷர் போல விரிந்தது). பழைய போல்ட்டையே கொண்டுபோனால் இன்னும் நல்லது.

மரை ஏற்கெனவே போய்விட்ட துளைக்கு மூன்று வழி. மரை லேசாக நசுங்கியிருந்தால் அதே அளவு டேப்பை (துளைக்குள் மரை வெட்டும் டூல்) விட்டுச் சுத்தம் செய்தாலே சரியாகும். பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் துளையைப் பெரிதாக்கி, சுருள் கம்பி போன்ற எஃகு இன்ஸர்ட் போட்டு, பழைய போல்ட்டையே திரும்பப் போடலாம். அலுமினியத்தில் இது முன்பிருந்த மரையைவிட நன்றாகவே பிடிக்கும். மூன்றாவது, இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் அடிக்கடி பார்க்கும் வழி: தன் மரையைத் தானே வெட்டிக்கொண்டு போகும் ஓவர்சைஸ் டிரெயின் பிளக். அடுத்த ஆயில் மாற்றம்வரை ஓட்ட அது போதும். அதற்குள் இன்ஸர்ட் கிட் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், சம்ப் தட்டை எஃகுத் தகடாக இருந்தால் சம்ப்பையே மாற்றுவது பெரும்பாலும் அதைவிடச் சுலபம்.